எனக்கும் வருமா? குடிநோய், மனச்சோர்வு, பரம்பரை: கேள்வி பதில்

குடிநோய்ப் பிரிவில் மனநல மருத்துவராக நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். நோயாளிகளைவிட அவர்களுடன் துணைக்கு வந்த பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்போது வந்திருப்பவையும் அப்படிப்பட்ட கேள்விகள்தான். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி, சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: அப்பா குடித்தே இறந்துபோனார், டாக்டர். தாத்தாவும் அப்படித்தான். எனக்கு 24 வயது. என் தலையிலும் அதுதான் எழுதியிருக்கிறதா?

இல்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், குடிநோயில் மரபணுவின் பங்கு ஏறக்குறைய 50 சதவீதம். பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, தனக்கு வர பாதி வாய்ப்பு இருக்கிறது என்று பயப்படுகிறார்கள். அந்த எண் ஒரு தனி ஆளின் வாய்ப்பைச் சொல்வதல்ல. ஒரு மக்கள் கூட்டத்தில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது, இன்னொருவருக்கு வருவதில்லை. அந்த வேறுபாட்டில் பாதிக்கு மரபணு காரணம் என்பதுதான் அதன் பொருள்.

தனி ஆளுக்கு நெருக்கமான கணக்கு வேறு. டென்மார்க்கில் பிறந்த சில வாரங்களிலேயே தத்துக்கொடுக்கப்பட்ட ஆண் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, டொனால்ட் குட்வின் குழுவினர் 1973இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெற்றவர்களில் ஒருவர் குடிநோயாளியாக இருந்த பிள்ளைகளில் 100க்கு 18 பேர் குடிநோயாளி ஆகியிருந்தார்கள். அப்படி இல்லாத பிள்ளைகளில் 5 பேர். குடிக்கிற அப்பாவின் முகத்தையே பார்க்காமல் வளர்ந்தும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் மீதி 82 பேரையும் பாருங்கள், தம்பி. அவர்களுக்கும் அதே ரத்தம்தான்.

கேள்வி: நண்பர்கள் இரண்டு ரவுண்டில் தள்ளாடும்போது நான் தெளிவாக இருக்கிறேன். குடி எனக்கு ஒத்துக்கொள்கிறது என்றுதானே அர்த்தம்?

நேர் எதிர். மார்க் ஷக்கிட் என்ற அமெரிக்க ஆய்வாளர், குடிநோயாளிகளின் மகன்களையும் மற்ற இளைஞர்களையும் ஒரே அளவு குடிக்க வைத்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். முதலில் போதை குறைவாக ஏறியவர்கள்தான் பிற்காலத்தில் அதிகமாகச் சிக்கினார்கள். மற்றவர்களுக்குத் தலைசுற்றி, குமட்டி, உடம்பே போதும் என்று சொல்லிவிடும். உங்களுக்கு அந்த எச்சரிக்கை தாமதமாக வருகிறது, அதற்குள் அளவு கூடிப்போகிறது. இந்தத் தன்மைக்கும் பரம்பரைத் தொடர்பு உண்டு.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. கிழக்கு ஆசிய மக்களில் பலருக்கு ஏ.எல்.டி.எச்.2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் உண்டு. சாராயம் உடைந்து உருவாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் அவர்கள் உடம்பில் சீக்கிரம் வெளியேறாது. கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். அவர்களிடம் குடிநோய் வெகுவாகக் குறைவு. குடியை நிறுத்த உதவும் டைசல்ஃபிரம் மாத்திரையும், இந்த மரபணு உருவாக்கும் நொதியைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது.

கேள்வி: என் தாய்மாமாவை எல்லாரும் குடிகாரர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர் வருடம் முழுக்கக் குடிப்பதில்லை. சில வாரங்கள் தூங்காமல், ஓயாமல் பேசிக்கொண்டு, கடன் வாங்கிப் புதுத் தொழில் தொடங்குவார், அப்போது குடிப்பார். அப்புறம் மாதக்கணக்கில் அறையை விட்டு வரமாட்டார். இப்போது என் தங்கைக்கு டிப்ரஷன் என்று மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம் அம்மா. வந்த கேள்விகளில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது இதுதான்.

உங்கள் மாமாவை நான் பார்த்ததில்லை, அதனால் நோய்க்குப் பெயர் வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது, தூக்கமே தேவைப்படாத உற்சாகமும் அதன்பின் வரும் சரிவுமாக மாறி மாறி வருகிற பைபோலார் நோயின் போக்கு. பைபோலார் உள்ளவர்களிடம் குடிப்பழக்கம் மற்றவர்களைவிட மிக அதிகம். வெளியே தெரிவது குடிதான் என்பதால் வீட்டிலும் ஊரிலும் அந்தப் பெயரே நிலைத்துவிடுகிறது. அடியில் இருந்த மனநிலை நோய்க்கு மருந்தே போய்ச் சேர்வதில்லை. இப்படித் தவறான பெயருடனே செத்துப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்றும் அது எனக்கு ஆறவில்லை.

உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். பைபோலார் பெரும்பாலும் மனச்சோர்வாகத்தான் முதலில் தலைகாட்டும். அந்த நேரத்தில் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், சிலருக்கு அது மேல்நோக்கித் தள்ளி உற்சாக நிலையைக் கிளப்பிவிடும். அதனால் மாமாவைப் பற்றி எனக்கு எழுதியதை அப்படியே தங்கையின் மருத்துவரிடம் சொல்லுங்கள். 'மாமா குடிப்பார்' என்று சொன்னால் போதாது. எத்தனை நாள் தூங்கவில்லை, என்ன செலவு செய்தார், சரிவு எத்தனை மாதம் நீடித்தது என்று நடந்ததைச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தங்கைக்குத் தூக்கம் திடீரென்று குறைந்து, களைப்பும் இல்லாமல் பேச்சு வேகமானால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்து யாருக்காவது நன்றாக வேலை செய்திருந்தால், அதே நோயுள்ள ரத்த உறவினருக்கும் வேலை செய்யும் வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் யார் எந்த மருந்தில் தேறினார்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

கேள்வி: மரபணுப் பரிசோதனை செய்து முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாமா?

குடிநோய்க்கோ மனநிலை நோய்க்கோ அப்படி ஒரு நம்பகமான பரிசோதனை இன்று கிடையாது. இந்தத் துறை பலமுறை அவசரப்பட்டுச் சூடுபட்டிருக்கிறது. 1987இல், அமெரிக்காவில் தனித்து வாழும் ஆமிஷ் என்ற கிறித்தவச் சமூகக் குடும்பங்களில் பைபோலாருக்கான மரபணு 11ஆம் குரோமோசோமில் இருப்பதாக அறிவித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்த முடிவு நிற்கவில்லை. 2003இல், மனச்சோர்வுக்குக் காரணம் என்று, மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருள் தொடர்பான ஒரு மரபணு பெரிதாகப் பேசப்பட்டது. அதுவும் பின்னர் வந்த பெரிய ஆய்வுகளில் தேறவில்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, மனச்சோர்வோடு தொடர்புள்ள 102 மரபணுப் பகுதிகளைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் துளி அளவு. குடிநோயோடு இவற்றில் ஒரு பகுதிதான் பொது. அதனால்தான் ஒரே வீட்டில் அண்ணன் குடியிலும் தங்கை மனச்சோர்விலும் போய் நிற்கிறார்கள். பரிசோதனைக்குச் செலவழிப்பதைவிட, மூன்று தலைமுறைக் குடும்ப விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது பயன் தரும்.

கேள்வி: டிப்ரஷன் இருப்பதால்தான் குடிப்பதாகக் கணவர் சொல்கிறார். முதலில் எதைக் கவனிப்பது?

இரண்டையும். சாராயமே மனச்சோர்வை உண்டாக்கும். சிகிச்சைக்குச் சேர்ந்த குடிநோயாளிகளை வைத்து 1988இல் வந்த ஓர் ஆய்வில், சேரும்போது 100க்கு 42 பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது. குடிக்காமல் நான்கு வாரம் கழிந்தபோது அது 6 பேராகக் குறைந்தது. அதனால் பலருக்குக் குடியை விட்டாலே மனம் பாதி தெளியும். ஆனால் குடிக்கத் தொடங்கும் முன்பே சோர்வு இருந்திருந்தால், அல்லது வீட்டில் வேறு யாருக்காவது மனநிலை நோய் இருந்தால், அந்த 6 பேரில் அவரும் இருக்கக்கூடும். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சாகிற பேச்சு வந்தால் நான்கு வாரம் எல்லாம் பார்க்கக் கூடாது, உடனே அழைத்துப்போங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் வீட்டில் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம். மருத்துவமனையில் வைத்து நிறுத்துங்கள்.

கேள்வி: எனக்கு பைபோலார். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

தாராளமாக. பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் 100க்கு ஏறக்குறைய 10 பேருக்கு வரலாம். கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். முக்கியமாக, பைபோலாருக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அது கருவைப் பாதிக்கும், முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

கேள்வி: கணவர் குடியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. மகனுக்கு 14 வயது. அவனிடம் இதைச் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள், இந்த வருடமே. 1997இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் 100க்கு 40 பேர் பிற்காலத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்குப் பின் தொடங்கியவர்களில் 10 பேர்தான். பயமுறுத்தாதீர்கள், அப்பாவைப் போல ஆகிவிடுவாய் என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். நம் வீட்டு உடம்புக்கு இது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், அதனால் நீ மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும் என்று சொன்னால் போதும். முடிந்தால் அதை அவன் அப்பாவே சொல்லட்டும்.