வீடும் வளவும்: வாசகர் கேள்வி – பதில்

உப்புவெளியில் அரை ஏக்கர் வளவோடு ஒரு பழைய ஓட்டு வீடு முதுசமாக வந்திருக்கிறது. ஐந்து பேர் குடியிருந்து தோட்டமும் செய்ய எண்ணம். ஆடியில் கிணறு சவர்க்கிறது. ஆழப்படுத்தலாமா?
— வாசகி, உப்புவெளி

வேண்டவே வேண்டாம். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கிணற்று மட்டம் 1 அடி இறங்கினால், கணக்குப்படி அடியிலுள்ள உப்பு 40 அடி வரை மேலெழப் பார்க்கும். ஆழப்படுத்தினால் உப்பைத் தேடிப் போய் வெட்டியதாகிவிடும். பெரிய மோட்டர் போட்டு ஒரே மூச்சில் இறைத்தாலும் அதே கதைதான். அரைக் குதிரைவலு மோட்டர் போதும். காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம். புட்வால்வை (உறிஞ்சு குழாயின் அடிமுனை வால்வு) கிணற்றின் அடியில் விடாமல், நீர்மட்டத்துக்கு 2 அடி கீழே தொங்கவிடுங்கள். காற்றை இழுக்கத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள், இல்லையேல் சீல் எரிந்துபோகும்.

குடிக்கவும் சமைக்கவும் கூரையை நம்புங்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 1 மி.மீ. மழைக்கு 100 லீற்றர் விழும். ஓடு குடிப்பதும் சிதறுவதும் போக 80 கிடைக்கும். வாடை மழையில் 50 மி.மீ. பெய்யும் ஒரு நாளில் 4,000 லீற்றர். ஆளுக்கு 10 லீற்றர் வீதம் நாளுக்கு 50 என்றால், 5,000 லீற்றர்த் தாங்கி இரண்டு 200 நாளுக்குக் காணும்.

பலர் பிழை விடுவது முதல் மழைத் தண்ணீரில். பழைய ஓட்டில் பாசியும் காக்கை எச்சமும் இருக்கும். 100 சதுர மீற்றர் கூரைக்கு ஒவ்வொரு மழையிலும் முதல் 50 லீற்றரை ஒதுக்கவேண்டும். 4 அங்குலக் குழாயை நிமிர்த்தி வைத்தால் மீற்றருக்கு 8 லீற்றர்தான் கொள்ளும். ஆகவே பீலிக்கும் தாங்கிக்கும் நடுவில் 60 லீற்றர் பரல் ஒன்றை வையுங்கள். அடியில் சிறு துளை இருந்தால், அடுத்த மழைக்குள் தானாக வடிந்துவிடும். நிறைந்த தாங்கி 5 தொன் பாரம். வெறும் மணலில் வைத்தால் ஒரு பக்கம் இறங்கி, குழாய் மூட்டில் முறியும். கொங்கிறீற் தளம் அவசியம். வழிவாய்க்கு நுளம்பு வலை கட்ட மறக்கவேண்டாம்; டெங்கு ஊர் இது.

சுவரின் கீழ் 3 அடி உதிர்கிறது. சீமெந்து பூசியும் ஒரு மாரிக்குள் கழன்றுவிட்டது. ஏன்?
— வாசகர், அலஸ்தோட்டம்

சீமெந்து பூசியதால்தான். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டு உலர்கிறது. சீமெந்து அந்த வழியை அடைக்க, உப்பு உள்ளேயே படிகமாகிப் பூச்சைத் தள்ளிவிடும். முழுவதையும் கொத்தி எடுத்து, சுவரைச் சில வாரம் உலரவிட்டு, உப்பை உலர் தூரிகையால் தட்டிவிடுங்கள். பிறகு 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு ஆற்று மணல், ஒரு பூச்சுக்கு 10 மி.மீ.க்கு மேல் போகாமல். கடல் மணல் கிட்டவும் வரக்கூடாது. பூசியபின் ஒரு வாரம் சாக்கு நனைத்துத் தொங்கவிடுங்கள். மேலே வெள்ளை அடிப்பதோடு சரி. பிளாஸ்டிக் பெயின்ற் மறுபடியும் அடைக்கும்.

வைகாசியில் நட்ட மாவும் தென்னையும் கருகிவிட்டன.
— வாசகர், நிலாவெளி

கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்றின் வாயில் கொடுத்துவிட்டீர்கள். ஐப்பசியில், முதல் நல்ல மழைக்குப் பின் நடுங்கள். தென்னங்குழி 3 அடிக்கு 3 அடி; அடியில் உரிமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க இரண்டு அடுக்கு அடுக்கி, மேலே மண்ணும் மாட்டெருவும். கவிழ்த்து அடுக்கினால் தண்ணீர் நிற்காது. தென்மேற்குப் பக்கம் கிடுகு மறைப்பு உடனே வேண்டும், பூவரசங் கதியால் பிறகு வேலியாகும். உடுப்புத் தோய்த்த தண்ணீரைத் தென்னைக்கு விடலாம். மாவுக்கு விடவேண்டாம், சோப்புத் தூளிலுள்ள சோடியத்தில் இலை நுனி கருகும்.