திகனவும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் இலங்கையின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் 'பொய்யான கூற்று' பற்றிய பிரிவுகளை நீக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். எழுத்தாளர்கள் சிலர் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையிலும் உங்கள் கையெழுத்தைக் கண்டேன். மனம் ஆறாமல் இதை எழுதுகிறேன்.

என் உம்மாவின் தம்பிக்குக் கண்டி மாவட்டத்துத் திகனவில் ஒரு புடைவைக் கடை இருந்தது. 2018 மார்ச்சில், முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் எரித்துவிட்டார்கள். எரித்தவர்களுக்குள் அவரிடம் கடனுக்குத் துணி வாங்கியவர்களும் இருந்தார்கள். நேரில் பழகிய மனிதர்களை இப்படி மாற்றியது போனில் வந்த பொய்கள்தான். முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை, பள்ளிவாசலில் ஆயுதம் என்று ஒரு கிழமையாக வந்துகொண்டே இருந்தன. அந்தப் பொய்களைத் தடுக்க அன்றைக்கு ஒரு சட்டம் இருந்திருந்தால் மாமாவின் கடை இன்றும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இப்போது சட்டம் வந்திருக்கிறது. நீங்களோ வேண்டாம் என்கிறீர்கள். கருத்துச் சுதந்திரம் பற்றிக் கொழும்பில் கூட்டம் வைப்பவர்களில் யாருடைய கடையும் எரிந்ததில்லை. பொய் பரப்பும் சுதந்திரத்துக்கும் சேர்த்தா கையெழுத்துப் போட்டீர்கள்? அதை மீளப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எம்., கண்டி

*

அன்புள்ள எம்.,

உங்கள் கோபம் நியாயமானது. எரிந்த கடையின் முன்னால் நின்று கொள்கை பேசுவது எளிதான காரியமில்லை. எனவே முதலில் உங்களோடு உடன்படும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரையும் பேச விட்டால் உண்மை தானாகவே வென்றுவிடும் என்று சொல்பவர்களின் பக்கம் நான் இல்லை. திகனவுக்கு முன் அந்த மாத்திரைப் பொய் வெடித்த அம்பாறையில் உண்மை வெல்லவில்லை. பிந்தி வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

அம்பாறையில் நடந்ததைத் திரும்பவும் பார்ப்போம். 2018 பெப்ரவரி 26 இரவு, நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவர் இறைச்சிக் கறியில் ஏதோ கட்டியாகக் கிடப்பதைக் கண்டு சத்தம் போடுகிறார். கூட்டம் கூடிக் காசாளரைச் சூழ்ந்துகொள்கிறது. அவர் தமிழ் பேசுகிறவர், சிங்களம் அரைகுறை. கருத்தடை மருந்து போட்டாயா என்று கேட்கிறார்கள். கறியில் கிடந்த மாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். அடிக்கப் போகிறார்கள் என்ற பயத்தில், போட்டோம் என்கிற மாதிரி ஒரு பதில் அவர் வாயில் வருகிறது. பக்கத்தில் ஒருவர் அதைப் போனில் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சில விநாடிகள் 'குற்ற ஒப்புதல்' ஆகி நாடு முழுக்கப் போயின. கடை உடைக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிக்கப்பட்டன.

சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று கிடையாது. இதை ஓர் அரசாங்க வைத்தியர் அன்றிரவே சிங்களத் தொலைக்காட்சியில் தோன்றிச் சொல்லியிருக்கலாம். அப்படி நடக்கவில்லை. கறியில் கிடந்தது வெறும் மாவுக்கட்டி என்ற அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வெளியே தெரிய வந்தபோது திகன எரிந்துவிட்டது. திகனவுக்குப் பக்கத்துத் தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் தொடக்கத்தில் இறந்தார். அந்த மரணத்தின் துக்கத்தோடு இந்தப் பொய்யைச் சேர்த்துக் கட்டியவர்கள் தெரிந்தே செய்தார்கள். ஊரடங்குச் சட்டம் போட்ட பிறகும் கடைகள் எரிந்தன. மார்ச் 6 அவசரகால நிலை, 7ஆம் திகதி பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றுக்கும் தடை.

பேஸ்புக் கம்பனி என்ன செய்துகொண்டிருந்தது? முஸ்லிம்களைக் கொல்லுங்கள், கைக்குழந்தையையும் விடாதீர்கள் என்று சிங்களத்தில் எழுதிய பதிவு ஒன்றை முறைப்பாடு செய்தவருக்கு, அது தங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் அனுப்பியது. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்களைப் போதிய அளவில் வேலைக்கு வைத்துக்கொள்ளாமலே அந்தக் கம்பனி இந்த நாட்டில் வியாபாரம் செய்தது. 2020 மேயில் மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருடங்களுக்குப் பிறகு.

சட்டம் இருந்திருந்தால் என்கிறீர்கள். இங்கேதான் நான் உங்களோடு வேறுபடுகிறேன். சட்டம் இருந்தது.

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பெயரால் நாம் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று சொல்வது. இன, மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு வழிவகுப்பவருக்குப் பத்து வருடம் வரை சிறை, பிணை கேட்க மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று கடுமையாக எழுதப்பட்ட சட்டம். திகனவுக்குப் பிறகு மஹசொன் பலகாய என்ற சிங்களத் தீவிரவாத அமைப்பின் தலைவர் கைதாகிச் சில மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார் என்பதை மறைக்க மாட்டேன். பிணையில் வந்தார். அடுத்த வருடம் மே மாதம் குளியாப்பிட்டியிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன.

அதே சட்டம் 2019 ஏப்ரலில் யாரைப் பிடித்தது தெரியுமா? சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை. ஒரு பௌத்த விகாரையைப் பின்னணியாக வைத்துச் சிறுகதை எழுதிப் பேஸ்புக்கில் போட்டதுதான் குற்றம். பிக்குகள் முறைப்பாடு செய்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2020 ஏப்ரலில் ரம்ஸி ராஸிக்கைப் பிடித்தது. முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரத்துக்குப் பேனையாலும் விசைப்பலகையாலும் பதில் சொல்லும் கருத்துப் போராட்டம் வேண்டும் என்று எழுதியவர் அவர். 'ஜிஹாத்' என்ற சொல்லை அதில் பயன்படுத்தியிருந்தார். ஐந்து மாதம் சிறை. அவரைக் கைது செய்தது அடிப்படை உரிமை மீறல் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. நம் தமிழில் கவிதை எழுதிய அஹ்னாப் ஜஸீமை 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கொண்டுபோனார்கள். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. வன்முறைக்கு எதிரான வரிகள் உள்ள தொகுப்பைத் தீவிரவாதப் புத்தகம் என்று ஆக்க, அதிகாரிகளின் சந்தேகம் போதுமாக இருந்தது.

உங்கள் மாமாவின் கடையைக் காக்கத் தவறிய சட்டங்கள், உங்கள் மாமாவுக்காகப் பேசியவர்களை உள்ளே போட்டன. புதிய சட்டத்தைக் கையில் எடுக்கப் போவதும் அதே பொலிஸ், அதே அரசாங்க இயந்திரம்தான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்கு உண்டு. ஜனாஸா எரிப்பு, அதாவது இறந்த முஸ்லிம்களின் உடல்களை வலிந்து எரித்தது.

2020 வசந்த காலத்தில் கொவிட்டால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று அரசாங்கம் வர்த்தமானி போட்டது. புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலந்துவிடும் என்றார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அப்போதே இருந்தது. உலகம் முழுக்கப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையைக்கூடப் பெற்றோரின் சம்மதமில்லாமல் எரித்தார்கள். பொரளை மயானத்தின் கேற்றில் சனங்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டு வந்தார்கள். அந்தத் துணிகளையும் அகற்றிவிட்டார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் புதைக்க அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இப்போது நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் மிகப் பெரிய பொய் எது? யாரோ ஒரு பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பியதா? அரசாங்கமே வர்த்தமானியில் அச்சடித்தது அது. புதைப்பதால் ஆபத்தில்லை என்று முகநூலில் எழுதியவர்கள்தான் அன்றைய உத்தியோகபூர்வ உண்மைக்கு எதிரானவர்கள். 2020 ஏப்ரல் முதலாம் திகதியே, கொவிட் பணியில் இருக்கும் அதிகாரிகளை விமர்சிப்பவர்களைக் கைது செய்யும்படி பொலிஸ் தலைமையகம் உத்தரவிட்டிருந்தது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அன்று நடைமுறையில் இருந்திருந்தால், பொதுச் சுகாதாரத்துக்கு அச்சுறுத்தலான பொய்யான கூற்று என்று சொல்லி அவர்களை ஐந்து வருடம் வரை உள்ளே போட்டிருக்கலாம். உங்கள் குடும்பத்தில் யாராவது அந்த நாட்களில் வபாத்தாகியிருந்தால், எரிக்காதீர்கள் என்று நீங்கள் எழுதும் ஒரு வரியும் அதற்குள் அடங்கியிருக்கும்.

குருநாகல் வைத்தியர் ஷாபி சிஹாப்தீனின் விவகாரமும் இதையே காட்டுகிறது. நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற கதை 2019 மே 23 அன்று ஒரு சிங்களத் தினசரியின் முதற்பக்கத்தில் வந்தது. மறுநாளே அவர் கைதானார். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூனில் நீதிமன்றத்துக்குச் சொன்ன பிறகும் அந்தக் கதை ஓயவில்லை. ஜனாதிபதித் தேர்தல் வரை போனது. பிற்காலத்தில் நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது, அந்தப் பணத்தை மருந்து வாங்கக் கொடுத்தார் அந்த மனிதர். அவரை அழிக்கப் பார்த்த பொய்க்கு இணையம் வாகனமாக இருந்தது உண்மை. ஆனால் அது புறப்பட்டது அச்சகத்திலிருந்து. அதற்குப் பலம் கொடுத்தவர்கள் அரசியல் மேடையில் நின்றவர்கள். அதிகாரத்துக்கு வந்தால், எது பொய் என்று புதிய சட்டப்படி முடிவு செய்யும் ஆணைக்குழுவுக்கு ஆள் போடுகிறவர்களும் அவர்கள்தான்.

இந்தச் சட்டம் 2024 ஜனவரி 24 அன்று 108க்கு 62 என்று பாராளுமன்றத்தில் நிறைவேறியது. உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சிகள் எழுப்பிய ஆட்சேபத்தையும் மீறிச் சபாநாயகர் கையொப்பமிட்டார். ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு, நீதிமன்றத்துக்குப் போகாமலே ஒரு கூற்றைப் பொய் என்று முடிவு செய்து, இருபத்துநான்கு மணித்தியாலத்தில் எடுத்துவிடச் சொல்லி அறிவித்தல் அனுப்பலாம். அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடுதான் நியமனம் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பேரவையின் அதிகாரத்தை ஓர் ஆட்சி கூட்டுவதையும் அடுத்த ஆட்சி வெட்டுவதையும் பார்த்துத்தானே வந்திருக்கிறோம். சிறுவர் துஷ்பிரயோகப் படங்கள், ஒருவரின் அந்தரங்கப் படங்களை வெளியிடுவது ஆகியவை பற்றிய பிரிவுகள் அதே சட்டத்தில் இருக்கின்றன. அவை இருக்க வேண்டும். எங்கள் அறிக்கையும் அவற்றைத் தொடவில்லை.

இந்தியாவிலும் இதே கேள்வி வந்தது. மத்திய அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்பதை அந்த அரசின் பிரிவே சொல்லும் என்று 2023இல் விதி கொண்டுவந்தார்கள். 2024 செப்டெம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவரே நீதிபதியாக உட்காரக் கூடாது என்பதுதான் அடிப்படை.

அப்படியானால் சும்மா இருப்பதா? இல்லை. என் கோரிக்கை உங்களுடையதைவிடக் கடுமையானது என்றுகூடச் சொல்வேன். கம்பனிகளின் கழுத்தில் கை வைக்கிற கோரிக்கை அது. 2018இல் இந்தியாவில் பிள்ளை பிடிகாரர் வதந்தியால் ஆட்களை அடித்துக் கொன்ற பிறகு, ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றப்பட்டது. அடுத்த வருடம் உலகம் முழுக்க அந்த வரம்பு வந்தது. பல கை மாறி வந்த செய்திகளை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டும் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கினார்கள். அதனால் அவ்வகைச் செய்திகள் எழுபது வீதம் குறைந்தன என்று கம்பனியே சொன்னது. எந்தச் செய்தி உண்மை என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை, யாரும் சிறைக்குப் போகவில்லை, பொய்யின் வேகம் மட்டும் குறைந்தது. இதை அம்பாறைக்கு முன்னாலேயே செய்திருக்க முடியும். செய்ய வைக்க யாரும் இருக்கவில்லை.

எங்களுக்குத் தேவை அந்த 'வைக்க' என்ற அதிகாரம். சிங்களத்திலும் தமிழிலும் முறைப்பாடுகளை வாசிக்க எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை மணித்தியாலத்தில் பதில் போகிறது என்று கம்பனிகள் வருடாவருடம் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வருமானத்தில் வெட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 பெப்ரவரியிலிருந்து முழுமையாக நடைமுறைப்படுத்தும் சட்டத்தில் உலகளாவிய வருவாயில் ஆறு வீதம் வரை தண்டம் இருக்கிறது. நம் சந்தை சிறியது, பெரிய கம்பனிகள் மதிக்காது என்பீர்கள். தனித்து நின்றால் மதிக்காதுதான். தெற்காசிய நாடுகள் சேர்ந்து கேட்க வேண்டிய விடயம் இது.

கொல், எரி என்று தூண்டுகிறவனை ஏற்கெனவே இருக்கும் குற்றவியல் சட்டத்தில் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோங்கள். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அவனுடைய பேச்சுரிமைக்காக ஒரு வரியும் எழுத மாட்டேன். திகனவில் பொலிஸாரும் அதிரடிப்படையினரும் பார்த்துக்கொண்டு நின்றதாகச் சாட்சியம் சொன்னவர்கள் பலர். அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்ற கேள்வியை எந்த நிகழ்நிலைச் சட்டமும் கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

எனவே கையெழுத்தை மீளப் பெற மாட்டேன். சட்டத்தைத் திருத்துவதாகத் தற்போதைய அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அதற்கு எழுத்துமூலம் கருத்துக் கொடுக்கும்போது, திகனவில் கடை இழந்தவர்களின் குரலும் அதில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மாமாவிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கிழமையில் அவருக்கும் உங்களுக்கும் வந்த வீடியோக்கள் பழைய போனில் இன்னும் கிடந்தால் அழித்துவிட வேண்டாம். எந்தத் திகதி, எத்தனை மணி, எந்தக் குழுவிலிருந்து வந்தது என்பதோடு குறித்து அனுப்புங்கள். கம்பனிகளிடம் கணக்குக் கேட்கும்போது நாம் மேசையில் வைக்க வேண்டியவை அவைதான்.

அன்புடன்.