பாடகி ஏன் முழங்காலருகே நிற்கிறார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதிய கார் பார்க்கப் போயிருந்தேன். "14 ஸ்பீக்கர் சார், கச்சேரி அரங்கில் உட்கார்ந்ததுபோல் இருக்கும்" என்றார் விற்பனையாளர். ஓட்டுநர் இருக்கையில் கேட்டால் பாடகி என் வலது முழங்காலருகே நின்று பாடுகிறார். பின்னால் இருந்த என் மனைவிக்கு அப்படித் தோன்றவில்லையாம். ஒலியின் இடவுணர்வு, அதாவது ஒலி எங்கிருந்து எவ்வளவு அகலமாக வருவதாகத் தோன்றுகிறது என்பது, எப்படி இருக்கும் என்பதைக் கருவியே கணித்துவிடும் என்று படித்தேன். ரசனையைக் கருவி எப்படி அளக்கும்?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

உங்கள் முழங்கால் சொன்னது சரிதான். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. இடப்பக்க ஸ்பீக்கர் அரை மீட்டர் தள்ளியிருந்தாலே அதன் ஒலி ஏறக்குறைய ஒன்றரை மில்லி நொடி பிந்திவிடும். முந்தி வந்த பக்கத்திலிருந்தே முழுப் பாட்டும் வருகிறது என்று மூளை முடிவுகட்ட அது போதும். அருகிலுள்ள ஸ்பீக்கரை வேண்டுமென்றே தாமதப்படுத்தி இதைச் சரிசெய்யலாம். ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் பாடு திண்டாட்டம். உங்கள் மனைவி பின்னிருக்கையின் நடுவில் அமர்ந்திருந்தார் என்று ஊகிக்கிறேன்.

கணிப்புக்கு வருவோம். காதுகளில் மைக்ரோஃபோன் பொருத்திய பொம்மைத் தலையை இருக்கையில் வைத்துப் பதிவுசெய்கிறார்கள். இரு காதிலும் விழும் ஒலிகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன, எது முந்தியது, எது உரத்தது என்று கணக்கிடுகிறார்கள். ஒற்றுமை மிகுந்தால் ஒலி ஒரு புள்ளியில் ஒடுங்கும்; குறைந்தால் அகலும், நம்மைச் சூழும். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகமும் டென்மார்க்கின் பேங் அண்ட் ஓலஃப்சென் நிறுவனமும் சேர்ந்து நடத்திய 'கெஸ்ட்ரல்' திட்டம் இவ்வழியில் சென்றது. அது காருக்கென்று செய்யப்பட்டதல்ல. ஆனால் காரில் ஒரு வசதி உண்டு: கேட்பவர் எங்கே உட்காருவார் என்பது முன்கூட்டியே தெரியும்.

கருவி ரசனையை அளப்பதில்லை. பயிற்சி பெற்ற ஆட்கள் கேட்டுப் போட்ட மதிப்பெண்களை வைத்துக்கொண்டு, அடுத்த முறை அவர்கள் என்ன போடுவார்கள் என்று சொல்லப் பழகுகிறது. ஐந்து வடிவமைப்புகளில் மூன்றைக் கழித்துக்கட்ட அதை நம்புவேன். கடைசித் தீர்ப்புக்கு நம்பமாட்டேன். கண்ணாடிகளில் பட்டுத் தெறிக்கும் ஒலியும் காதுகளுக்கிடையிலான ஒற்றுமையைக் குலைக்கும். அகலம் கூடிவிட்டது என்று எண் மகிழும், பாடகியின் குரலோ எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் கரைந்திருக்கும்.

இன்னொன்று. பல சேனல் ஒலியைப் பற்றி 2005இல் வெளியான சர்ரே ஆய்வொன்றில், கேட்பவர்களின் மொத்த மதிப்பீட்டில் ஒலியின் நிறம் (குரலோ வாத்தியமோ அதுவாகவே ஒலிக்கும் தன்மை) ஏறத்தாழ 70 சதவீதமும் இடவுணர்வு 30 சதவீதமும் பங்கு வகித்தன. குரல் குரலாக இல்லாவிட்டால் அது எங்கே நின்றால் என்ன?

காரின் ஒலி அமைப்புப் பட்டியலில் 'ஓட்டுநர் மட்டும்' என்பதுபோல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பக்கவாத்தியம் குறைந்த ஒரு குரல் பாட்டை நான்கு இருக்கைகளிலும் கேளுங்கள். வண்டி ஓடும்போதும் கேட்டுவிடுங்கள். டயர் இரைச்சல் எழுந்ததும் முதலில் காணாமல் போவது கீழ்ச்சுருதிதான், அதைக் காட்சிக்கூடத்தில் கண்டுபிடிக்கவே முடியாது.