ஜாஸ் டிரம்பெட் கேள்வி பதில்: மைல்ஸ் தட்டின் வேகம், ஹார்மன் மியூட், உதட்டில் அழுத்தம்

வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன். சாக்ஸபோன், கிட்டார் கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கே: ஐயா, ஜாஸ் டிரம்பெட்டை இப்போதுதான் கேட்கத் தொடங்குகிறேன். ஒரே ஒரு பதிவு சொல்லுங்கள்.

ப: லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் புளூஸ்'. சிகாகோவில் 1928 ஜூன் 28 அன்று பதிவானது, மூன்றேகால் நிமிடம். பாட்டு கிங் ஆலிவருடையது. அவரும் அதே மாதத்தில் சில நாள் முன்பு பதிவு செய்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆம்ஸ்ட்ராங் துணையின்றித் தனியாக வாசிக்கும் அந்தத் தொடக்கம் ஆலிவரிடம் கிடையாது.

தொடக்கத்தின் முதல் நான்கு ஸ்வரங்களை மட்டும் பத்து முறை கேளுங்கள். நான்கும் ஒரே நீளம்தான், பின்னால் தாளக்காரர் யாருமில்லை. இருந்தும் கால் தானாகத் தாளம் போடுகிறது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் அவர் எப்படித் தொடங்குகிறார், எங்கே விடுகிறார் என்பதில்தான் அது இருக்கிறது. கடைசி கோரஸில், அதாவது பாட்டின் கடைசி முழுச் சுற்றில், மேல்ஸ்தாயி பி ஃபிளாட்டில் ஏறக்குறைய நான்கு பார் (நான்கு தாளச் சுற்று) கார்வை. பலரும் அந்த உயரத்தோடு நின்றுவிடுகிறார்கள். அவ்வளவு நீளம் பிடித்த பிறகு இறங்கி வரும் வேகமான சொற்கட்டுகள் ஒன்றுகூட நொண்டவில்லை, அதைக் கவனியுங்கள். பிறகு ஏர்ல் ஹைன்ஸின் பியானோவுக்காக இன்னொரு முறை போடுங்கள்.

கே: யார் எல்லாரிலும் பெரிய டிரம்பெட் வித்வான்? ஆம்ஸ்ட்ராங்கா, மைல்ஸ் டேவிஸா?

ப: இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அடுத்தது.

கே: மைல்ஸ் டேவிஸின் அந்த மெல்லிய, ஒட்டிப்பேசுகிற ஒலி எனக்கு வரவில்லை. டிரம்பெட்டின் வாயில் செருகி ஒலியை அடக்கும் ஹார்மன் மியூட் வாங்கிவிட்டேன்.

ப: நடுவில் இருக்கும் சிறு குழாயைக் கழற்றினீர்களா? மைல்ஸ் அதில்லாமல்தான் வாசித்தார். குழாயோடு வாசித்து, அதன் வாயைக் கையால் மூடித் திறந்தால் வருவது 'வா வா' ஒலி, அது வேறு சங்கதி.

அடுத்தது கார்க். இந்த மியூட்டில் கார்க் வளையம் முழுச் சுற்றாக இருக்கும். காற்று முழுவதும் மியூட்டுக்குள்ளேயே போக வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி. கார்க் தேய்ந்து ஓரத்தில் காற்று கசிந்தால் சலசலப்புதான் மிஞ்சும். செருகும் முன் டிரம்பெட்டின் வாய்க்குள்ளும் கார்க்கின் மேலும் வாயால் ஊதி ஈரமாக்குங்கள். பிறகு செருகி லேசாகத் திருகினால் கீழே விழாது.

மியூட் போட்டதும் ஸ்ருதி ஏறும், ஸ்ருதி சேர்க்க நீட்டும் குழாயான டியூனிங் ஸ்லைடைச் சற்று வெளியே இழுங்கள். முக்கியமாக, மைக்கை மியூட்டுக்கு ஓரிரு அங்குலத்துக்குள் கொண்டு வாருங்கள். அந்த ஒலியில் பாதி மைக்கினுடையது. மைக் இல்லாமல் அரங்கம் நிரம்ப ஊத முயன்றால் தகர ஒலி வரும். ஒலி போதவில்லை என்று வாய்முனையை உதட்டில் அழுத்தவும் தொடங்குவீர்கள். அழுத்தாதீர்கள். 1956இல் அவர் பதிவு செய்த 'ரவுண்ட் மிட்நைட்'டில் எவ்வளவு குறைவாக ஊதுகிறார் என்று பாருங்கள்.

கே: டிஸ்ஸி கில்லெஸ்பியின் டிரம்பெட் ஏன் வானத்தைப் பார்க்கிறது?

ப: 1953 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு விருந்தில் யாரோ அவருடைய டிரம்பெட்டின் மேல் விழுந்தார்கள். வளைந்த கருவியை வாசித்துப் பார்த்தவருக்கு ஒலி தன் காதுக்கு நன்றாக எட்டியது பிடித்துப்போனது. பிறகு அதேபோல் செய்யச் சொல்லி வாங்கினார். அவருடைய ஊதிய கன்னங்களைப் பார்த்து யாரும் பழகாதீர்கள். அவருக்கு அது ஒத்துப்போனது. உங்களுக்குக் காற்றும் உதட்டின் பிடியும்தான் நழுவும்.

கே: அண்ணா, மைல்ஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டோடு 'ஸோ வாட்' வாசித்துப் பழகுகிறேன். ஸ்ருதி சேரவே மாட்டேன் என்கிறது. என் டிரம்பெட்டில் கோளாறா?

ப: உங்கள் தட்டு பழைய அச்சாக இருந்தால் கோளாறு டிரம்பெட்டில் இல்லை. 1959 மார்ச் 2 அன்று நடந்த பதிவில் ஓடிய இரண்டு நாடா இயந்திரங்களில் ஒன்று கொஞ்சம் மெதுவாக ஓடியது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை விரைந்து ஸ்ருதி ஏறும். அரை ஸ்வரத்தை எட்டாத அளவுதான், ஆனால் சேர்ந்து வாசிக்கிறவருக்கு நரகம். தட்டின் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் அப்படித்தான் வெளியாயின. 1990களில்தான் மற்ற இயந்திரத்தின் நாடாவைக் கொண்டு சரிசெய்தார்கள்.

சோதிக்கும் வழி: இரண்டாம் பக்கத்தைப் போடுங்கள். அது ஏப்ரல் 22 பதிவு, சரியான வேகம். அதுவும் ஏறி ஒலித்தால் உங்கள் டர்ன்டேபிள்தான் வேகமாக ஓடுகிறது. முதல் பக்கம் மட்டும் ஏறினால் பழைய அச்சு. உதட்டை இறுக்கி ஸ்ருதியை மேலே தள்ளாதீர்கள், மீண்டும் அதே அழுத்தத்தில்தான் போய் முடியும். சரிசெய்த பதிப்பை வாங்குங்கள்.

பழைய தட்டுகள் சேகரிப்பவர்: இதை ஏற்க முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் உலகம் கேட்டது அந்த வேகத்தைத்தான். மைல்ஸ் உயிரோடு இருக்கும்போதே வெளியானது. அதுதான் அசல், திருத்தியது பிற்காலத்துக் கைவேலை.

ப: உலகம் கேட்டது அது, சரி. ஸ்டுடியோவில் வாசித்தது அதில்லை. பியானோவை நினைத்துப் பாருங்கள். டிரம்பெட்காரர் ஸ்லைடை இழுத்து ஸ்ருதி மாற்றலாம். தட்டின் ஒரு பக்கத்துக்குப் பியானோவின் ஸ்ருதியை ஏற்றி, மறு பக்கத்துக்கு இறக்க யார் மெனக்கெட்டார்கள்?

சேகரிப்பவர்: பழைய அச்சில் டிரம்பெட்டுக்கு ஒரு பளபளப்பு உண்டு. திருத்தியதில் அது செத்துவிட்டது.

ப: பளபளப்பு உண்டு, மறுக்கவில்லை. வேகம் கூடினால் எந்த ஒலியும் கொஞ்சம் மெலிந்து பளிச்சிடும். ஆனால் மைல்ஸின் சோலோ பளிச்சிடுவதற்காக வாசித்ததில்லை. 'ஸோ வாட்'டில் பதினாறு பார் டி டோரியன் என்ற ஸ்வர வரிசை, எட்டு பார் அரை ஸ்வரம் மேலே, மறுபடி எட்டு பார் டி. ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கி அடிக்க, அந்த ஒலி அடங்குவதற்குள் மைல்ஸ் சோலோவைத் தொடங்கிவிடுகிறார். பிறகு எத்தனை இடத்தில் வாசிக்காமல் இருக்கிறார் என்று எண்ணுங்கள். திருத்திய பதிப்பில் அந்த இடைவெளிகள் ஒரு மயிரிழை அகலமாகின்றன. எனக்கு அது போதும்.

இன்னொருவர்: இரண்டு பதிப்பும் என்னிடம் உண்டு, வித்தியாசமே தெரியவில்லையே?

ப: தனித்தனியாகக் கேட்டால் தெரியாது. அடுத்தடுத்துப் போட்டு, கையில் டியூனரை வைத்துப் பாருங்கள்.

சேகரிப்பவர்: நான் என் கட்சியை விடமாட்டேன்.

ப: விடாதீர்கள். தட்டையும் விற்றுவிடாதீர்கள்.

கே: டிஸ்ஸியின் டிரம்பெட் வளைந்தது எப்படி?

ப: மேலே.

கே: கிளிஃபர்ட் பிரவுனின் வேகத்தை எப்படிப் பழகுவது?

ப: வேகத்தை விடுங்கள், நாக்கைக் கேளுங்கள். 1955இன் 'செரோக்கி'யை ஸ்ருதி மாறாமல் பாதி வேகமாக்கிக் கேட்டால், ஓட்டத்தின் நடுவிலும் ஸ்வரங்களுக்குத் தனித்தனி முகம் இருப்பது தெரியும். நாக்கு தொடுகிறது, ஆனால் காற்றை அறுப்பதில்லை. நீங்கள் வேகம் கூட்டும்போது நாக்கு தடித்துக் காற்று துண்டு துண்டாகிறது, விரல் முந்துகிறது.

'ஜாய் ஸ்பிரிங்'கில் தொடங்குங்கள். முதல் எட்டு பார் எஃப், அடுத்த எட்டு அப்படியே அரை ஸ்வரம் மேலே ஜி ஃபிளாட். டிரம்பெட்டுக்கு ஒலிப்பதைவிட ஒரு முழு ஸ்வரம் மேலே எழுதுவதால், அதன் எழுத்தில் அவை ஜி, ஏ ஃபிளாட். நான்கு பாரைப் பாடிப் பாருங்கள், வாய் பாடாததை விரல் வாசிக்காது. பிறகு பாதி வேகத்தில் வாசியுங்கள். கீழ் டி, சி ஷார்ப் இரண்டும் ஏறி ஒலிக்கும். மூன்றாம் ஸ்லைடை டி-க்கு சுமார் அரை அங்குலமும், சி ஷார்ப்புக்கு ஒரு அங்குலமும் தள்ளி, காதால் முடிவு செய்யுங்கள். 1956 ஜூனில் கார் விபத்தில் இறந்தபோது பிரவுனுக்கு வயது 25.

கே: அதிகம் பேசப்படாத ஒருவர்?

ப: புக்கர் லிட்டில். 23 வயதில், 1961இல் போய்விட்டார். அதே ஆண்டு ஜூலையில் சாக்ஸபோன்காரர் எரிக் டால்ஃபியோடு நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசித்த நேரடிப் பதிவுகள் இருக்கின்றன. உரசுகிற ஸ்வரத்தை அவர் தப்பாக்காமல் நிறுத்திவைக்கும் விதத்தைக் கேளுங்கள்.

கே: நாதஸ்வரம் வாசிப்பேன். டிரம்பெட் எளிதாக வருமா?

ப: மூச்சு உதவும். உதடு உதவாது, டிரம்பெட்டில் உதடுதான் சீவாளி. நாதஸ்வர நுணுக்கங்களை அதற்குரியவரிடம் கேளுங்கள்.

கே: மேனார்ட் ஃபெர்குசன் மாதிரி டபுள் ஹை சி எடுக்க எந்த வாய்முனை வாங்கலாம்?

ப: எதுவும் வாங்க வேண்டாம். ஆழம் குறைந்த வாய்முனை மேல் ஸ்வரங்களைக் கொஞ்சம் எளிதாக்கும், நடு ஸ்தாயியை மெலிய வைக்கும். இல்லாத ஸ்வரத்தை அது கொண்டுவராது. ஃபெர்குசனிடம் இருந்தது காற்றின் வேகம். 1960களின் இறுதியில் இந்தியாவில் தங்கி ரிஷி வேலி பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

உயரத்துக்காக அழுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஆம்ஸ்ட்ராங்கின் உதடே சாட்சி. உதட்டுத் தசை கிழியும் நோய்க்கு மருத்துவர்கள் 'சாட்ச்மோ' என்ற அவர் பட்டப்பெயரையே வைத்திருக்கிறார்கள். இன்னொரு டிரம்பெட்காரர் ஃப்ரெடி ஹப்பர்ட் 1992இல் உதட்டைக் கெடுத்துக்கொண்டார். அதன் பிறகு பழைய ஹப்பர்ட் திரும்பவில்லை. உதட்டில் வாய்முனையின் தடம் அரை மணி நேரமாகியும் மறையாவிட்டால் அன்றைக்குக் கருவியைப் பெட்டியில் வையுங்கள்.

கே: ஆம்ஸ்ட்ராங், மைல்ஸ், இருவரில் யார்...

ப: இரண்டாவது கேள்வி.