க்ராஷ் பாண்டிகூட் கம்ப்யூட்டரில் ஏன் இப்படி வழுக்கி விழுகிறது?

கேள்வி: சின்ன வயதில் பிளேஸ்டேஷனில் க்ராஷ் பாண்டிகூட் மூன்று பாகங்களையும் முடித்தவன் நான். மூன்றும் சேர்ந்த ‘என். சேன் டிரிலஜி’ தொகுப்பை இப்போது கம்ப்யூட்டருக்கு வாங்கினேன். முதல் பாகத்தில் கயிற்றுப் பாலம் வரும் லெவலைத் தாண்ட முடியவில்லை. சரியாகத்தான் தாவினேன் என்று தோன்றும், ஆனால் விளிம்பில் வழுக்கிக் குழிக்குள் போய்விடுகிறது. எனக்கு வயதாகிவிட்டதா, கீபோர்டு சரியில்லையா, கேமிலேயே கோளாறா? கன்ட்ரோலர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் விரல்களுக்குப் பழைய தாவல் அப்படியே நினைவிருக்கிறது. அதுதான் சிக்கலே. அந்தத் தாவல் இந்தத் தொகுப்பில் இல்லை.

நாட்டி டாக் நிறுவனம் 1996, 1997, 1998 என்று வரிசையாக வெளியிட்ட மூன்று கேம்களையும் விகாரியஸ் விஷன்ஸ் என்ற வேறொரு நிறுவனம் புதிதாகக் கட்டியது. 2017இல் பிளேஸ்டேஷன் 4க்கும் 2018இல் கம்ப்யூட்டருக்கும் வந்தது. லெவல்களின் வடிவத்தைப் பழைய கேமிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். அதனால் பாலமும் பலகையும் ஆமையும் நீங்கள் விட்டுவந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் ஓடுகிற, தாவுகிற முறையைப் புதிதாக எழுதினார்கள். கேம் வெளியான உடனேயே உங்களைப் போலப் பலரும் இதே புகாரைச் சொன்னார்கள். நிறுவனமும் மறைக்கவில்லை. மூன்று பாகங்களையும் ஒப்பிட்டு, மூன்றாம் பாகத்தின் கையாளுமையை அடிப்படையாக வைத்துக்கொண்டோம் என்று விளக்கம் கொடுத்தது.

இங்கேதான் வினை. முதல் பாகத்தின் இடைவெளிகள் எல்லாம் முதல் பாகத்துத் தாவலை அளந்து வைக்கப்பட்டவை. அதே இடைவெளியை இப்போது வேறொரு தாவலால் கடக்கச் சொல்கிறார்கள். புதிய க்ராஷ் உச்சிக்குப் போனதும் பழையதைவிட வேகமாகக் கீழே இறங்கும். அகலமான இடத்தில் இது தெரியவே தெரியாது. ஒரு பலகை விட்டு ஒரு பலகை இருக்கிற கயிற்றுப் பாலத்தில் உயிரை வாங்கிவிடும்.

இரண்டாவது விஷயம், காலின் வடிவம். திரையில் நமக்குத் தெரிவது ஷூ போட்ட கால். தரையோடு மோதுகிறதா என்று கேம் கணக்குப் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாத வேறொரு உருவத்தை வைத்து. பழைய கேமில் அந்த உருவத்தின் அடிப்பாகம் தட்டை. விளிம்பில் ஒரு நூலளவு பட்டாலும் நின்றுவிடும். புதியதில் அது மாத்திரை வடிவம், அடிப்பாகம் உருண்டை. மேசை ஓரத்தில் வைத்த முட்டை மாதிரி, பாதி வெளியே இருந்தால் சறுக்கிக்கொண்டு போய்விடும். நீங்கள் சொல்லும் ‘வழுக்கல்’ இதுதான். கோளாறு என்பதைவிட, வேண்டுமென்றே செய்த வடிவமைப்பின் பக்கவிளைவு என்று சொல்லலாம். எனக்கும் இது பிடிக்கவில்லை என்பது வேறு.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பழைய பழக்கம் ஒன்றை விட வேண்டும். கடைசி நொடிவரை ஓடி, விளிம்பின் நுனியில் தாவுவது அந்தக் காலத்துச் சாமர்த்தியம். இப்போது நுனியில் நின்றால் தாவுவதற்கு முன்பே சறுக்கிவிடும். விளிம்புக்குச் சற்று முன்னாலேயே கிளம்புங்கள். பட்டனைத் தட்டிவிட்டு விடாமல், உச்சி வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். பிடிக்கிற நேரத்தைப் பொறுத்துத்தான் உயரம். ஆமையின் மேல் குதித்து எழும்பும்போதும் அப்படித்தான், பட்டன் அழுத்தியபடி இருந்தால்தான் முழு உயரம் கிடைக்கும். இறங்கும்போது பலகையின் நடுவைக் குறிவையுங்கள், முன் ஓரத்தை அல்ல.

அதைவிட முக்கியம், விளையாடும் வரிசை. ஏக்கத்தில் எல்லோரும் முதல் பாகத்தில்தான் தொடங்குகிறார்கள். மூன்றில் அதுதான் கடினமானது, புதிய தாவலோடு மிகக் குறைவாகப் பொருந்துவதும் அதுதான். மூன்று பாகங்களும் தொடக்கத்திலிருந்தே திறந்தே இருக்கின்றன. மூன்றாம் பாகத்தில் ஆரம்பியுங்கள். இந்தத் தாவல் பிறந்த வீடு அது. அங்கே கை பழகியதும் இரண்டாம் பாகம், அப்புறம் முதல் பாகம். கதை அப்படியொன்றும் சிக்கலானதல்ல, தலைகீழாகப் போனால் எதுவும் குழம்பாது.

இப்போது கீபோர்டு. எட்டுத் திசை போதுமான கேம் இது, அதனால் கீபோர்டு தன்னளவில் மோசமில்லை. ஆனால் சாதாரண கீபோர்டுகள் பலவற்றில் சில மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் பார் மூன்றும் சேர்வது இதில் அடிக்கடி மாட்டும். குறுக்காக ஓடிக்கொண்டே தாவும்போது மட்டும் க்ராஷ் தாவ மறுக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் குற்றவாளி கீபோர்டுதான். தாவலை வேறு விசைக்கு மாற்றினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கன்ட்ரோலர் வாங்கினால் நல்லதுதான், ஆனால் அதில் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது முக்கியம். முதல் பாகம் வந்தபோது பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் கட்டைவிரலால் எந்தப் பக்கமும் சாய்க்கிற அனலாக் குச்சியே இல்லை, திசை பட்டன்கள் மட்டும்தான். அந்த லெவல்கள் நேர்கோட்டு ஓட்டத்துக்காகவே வரைந்தவை. பாலத்தில் குச்சியைத் தள்ளினால் கட்டைவிரல் அறியாமல் சற்றுச் சாயும், க்ராஷும் சாய்ந்து விழும். திசை பட்டனில் நேர் என்றால் நேர்தான். குறுகலான இடங்களில் அதையே பயன்படுத்துங்கள். விரிந்த இடங்களில் குச்சி வசதி.

பலரும் கவனிக்காத ஒன்று திரையின் தாமதம். பழைய குழாய் டிவியில் பட்டன் அழுத்தியதற்கும் படம் மாறுவதற்கும் இடையே திரையால் வரும் தாமதம் கிட்டத்தட்ட இல்லை. இன்றைய டிவிகள் படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டுகின்றன. கம்ப்யூட்டரை டிவியில் இணைத்திருந்தால் கேம் மோடைக் கட்டாயம் போடுங்கள். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் நூறு மில்லிசெகண்ட் தாமதம் என்றால் ஆறு ஃபிரேம். விளிம்பில் தாவுவதற்கு அது மிக அதிகம். கேம் செட்டிங்ஸில், படம் கிழியாமல் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் வி-சிங்கை அணைத்துப் பாருங்கள், படம் குறுக்கே கிழிவது கண்ணை உறுத்தினால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். கன்ட்ரோலரை ப்ளூடூத்தில் இணைக்காமல் வயரில் இணையுங்கள்.

கேமில் உங்களுக்குச் சாதகமான மாற்றங்களும் உண்டு. முதல் பாகத்தின் மூலத்தில் எல்லாப் பெட்டிகளையும் உடைத்தாலும் நடுவே ஒரு முறை செத்தால் பரிசாக வரும் ரத்தினமான ஜெம் கிடைக்காது. இப்போது நிறமில்லாத ஜெம்முக்கு அந்த நிபந்தனை இல்லை, நிறமுள்ள ஜெம்களுக்கு மட்டும்தான். அதனால் செத்ததும் வெறுத்துப்போய் லெவலை விட்டு வெளியேறாதீர்கள். சேவ் செய்வதற்கும் அந்தக் காலத்து அவதி கிடையாது, தானாகவே நடக்கும். ஒரே இடத்தில் பலமுறை செத்தால் கேமே இரக்கப்பட்டு அகு அகு முகமூடி கொடுக்கும். ஆனால் அது எதிரியிடமிருந்துதான் காப்பாற்றும். குழியில் விழுந்தால் முகமூடியும் சேர்ந்துதான் போகும்.

பாலத்துக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பக்கவாட்டுக் கயிற்றின் மேல் தாவி ஏறி நிற்கலாம், அப்படியே நடந்தும் போகலாம். பழைய கேமிலும் இது உண்டு. ஏமாற்று வேலை என்பார்கள் சிலர். இந்தத் தாவலைக் கொடுத்துவிட்டு அந்தப் பாலத்தைக் கடக்கச் சொன்னவர்கள் அதைப் பேச முடியாது என்பது என் கட்சி. கயிற்றில் ஏறிய பிறகு திசை பட்டன் மட்டும்தான், குச்சியைத் தொடவே வேண்டாம். ‘ஸ்டார்மி அசென்ட்’ லெவலை மட்டும் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். மிகக் கடினம் என்று 1996இல் நாட்டி டாக்கே தூக்கி எறிந்த லெவல் அது.

இவ்வளவு செய்தும் ‘இது என் க்ராஷ் இல்லை’ என்று தோன்றினால், பழைய டிஸ்க் உங்களிடம் இருக்கும் பட்சத்தில் டக்ஸ்டேஷன் என்ற எமுலேட்டரில், அதாவது கம்ப்யூட்டரைப் பழைய பிளேஸ்டேஷன் மாதிரி நடக்க வைக்கும் மென்பொருளில், மூலத்தையே ஓட்டலாம். டிஸ்கை வாசிக்க டிரைவ் வேண்டும், உங்கள் பிளேஸ்டேஷனிலிருந்து எடுத்த பயாஸ் கோப்பும் (அந்தக் கருவியின் அடிப்படை மென்பொருள்) வேண்டும். அதன் செட்டிங்ஸில், பட்டன் அழுத்தியதற்கும் படம் மாறுவதற்கும் இடையிலான தாமதத்தைக் குறைக்கும் ரன்-அஹெட் என்ற வசதி இருக்கிறது. அதில் ஒரு ஃபிரேம் மட்டும் வைத்துத் தொடங்குங்கள். கூட்டக் கூட்ட கம்ப்யூட்டருக்குச் சுமை ஏறும், அளவு மீறினால் க்ராஷ் நடக்காமல் துள்ளித் துள்ளிப் போகிற மாதிரி தெரியும்.