எட்னாவும் மொன்ஜிபெல்லோவும் வெவ்வேறு எரிமலைகளா?

இல்லை, இரண்டும் ஒரே மலையின் பெயர்கள். இத்தாலியின் சிசிலித் தீவில், கத்தானியா நகருக்கு வடக்கே நிற்கும் எட்னாவின் உயரம் ஏறத்தாழ 3,350 மீட்டர். உச்சியில் சாம்பலும் எரிமலைக் குழம்பும் குவிவதாலும் விளிம்புகள் சரிவதாலும் அந்த அளவு மாறிக்கொண்டே இருக்கிறது.

பெயர்க்கதைதான் சுவையானது. இலத்தீனில் ‘மோன்ஸ்’ என்றால் மலை. சிசிலியை ஆண்ட அரேபியர் வழங்கிய ‘ஜபல்’ என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான். இரண்டும் ஒட்டிப் பிறந்த மொன்ஜிபெல்லோ, நம் ஊர் ‘நடு சென்டர்’ போல, ‘மலைமலை’ என்றாகிவிடுகிறது. சிசிலியர்களோ பெயரே சொல்லாமல், தங்கள் மொழியில் ‘மலை’ என்று மட்டும் பெண்பாலில் குறிப்பிடுவதும் உண்டு.

1669ஆம் ஆண்டு வெடிப்பில் கத்தானியாவரை இறங்கிய குழம்பு, அதுவரை கடலோரமாக இருந்த உர்சீனோ கோட்டையைச் சூழ்ந்து கடலுக்குள்ளும் பாய்ந்து உறைந்ததால், அக்கோட்டை இன்று கரையிலிருந்து விலகி, நகரத்துக்குள்ளே நிற்கிறது.