முதல் நாவலை வெளியிட இலக்கிய முகவர் வேண்டுமா? அவர் என்னதான் செய்வார்?

யாரோ உங்களுக்கு போன் செய்து, "கையெழுத்துப் பிரதியைக் கொடுங்கள் சார், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வந்திருக்காது. எவ்வளவு கேட்டார்? படித்துப் பார்க்கவோ அச்சுக்கோ என்று முன்பணம் கேட்டிருந்தால், அவர் வேறு ஏதோ தொழில் செய்கிறவர். முகவர் இல்லை.

எனக்கு இது விளங்க 45,000 ரூபாய் ஆனது.

2018இல் மதுரை தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் அப்படி ஒருவரைச் சந்தித்தேன். செல்லூர் நெசவாளர் தெருவைப் பற்றி நான் எழுதிய நாவல், நான்கு நீள நோட்டுகளாக மஞ்சள் பைக்குள் இருந்தது. பையை வாங்கி, தேங்காய் பார்ப்பதுபோல் கையில் தூக்கிப் பார்த்தார். "சென்னையில் நமக்கு ஆள் இருக்கிறது. நூலக ஆணையும் வாங்கிவிடலாம்" என்றார். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் உத்தரவு அது. ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. முப்பத்தொரு ஆண்டு கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பில்லில் ஐம்பது காசு உதைத்தாலும் விடமாட்டேன். "இவ்வளவு விவரமானவர் எப்படி ஏமாந்தீர்கள்?" என்று கீழே எழுத வருகிறவர்கள், தங்கள் பெயரை ஒரு புத்தக அட்டையில் பார்க்கும் ஆசை வந்த பிறகு எழுதட்டும்.

300 பிரதிகள் வந்தன. நூலக ஆணை வரவில்லை. 212 பிரதிகள் இன்றும் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

உண்மையான முகவர் எப்படியிருப்பார் என்பதை என் அக்கா மகள் மூலம்தான் பார்த்தேன். அவள் பெங்களூரில் இருக்கிறாள், ஆங்கிலத்தில் எழுதுகிறாள். ஒரு கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள், இவ்வளவுதான் முதலில் அனுப்பினாள். முகவர் பிறகு முழுவதையும் வாங்கிப் படித்து, இரண்டு முறை திருத்தி எழுதச் சொன்னார். எந்தப் பதிப்பகத்தில் எந்தப் பதிப்பாசிரியருக்கு இந்த மாதிரிக் கதை பிடிக்கும் என்று அறிந்து அனுப்பினார். ஒப்பந்தம் வந்ததும் திரைப்பட உரிமை என்ற வரியை அடித்துவிட்டு, பதிப்பகம் அவளுக்குத் தரும் முன்பணத்தைக் கூட்டிக் கேட்டார். "மாமா, எனக்குப் பணம் வந்தால்தான் அவருக்கும் பணம்" என்றாள். அவர் பங்கு 15 சதவீதம். வெளிநாட்டு உரிமை விற்றால் வழக்கமாக 20. அங்குள்ள துணை முகவருக்கும் அதில்தான் பங்கு போகும்.

தமிழில் ஏன் இப்படி ஆட்கள் அரிது என்பதற்குப் பழக்க தோஷத்தில் ஒரு கணக்குப் போட்டேன். 250 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதியும் விற்றுத் தீர்ந்தாலும், எழுத்தாளருக்குக் கிடைக்கும் 10 சதவீத ராயல்டி 7,500 ரூபாய். அதில் முகவரின் 15 சதவீதம் 1,125 ரூபாய். அதை வைத்துக்கொண்டு எந்த முகவர் குடும்பம் நடத்துவார்? அதனால் இங்கே எழுத்தாளரே நேராகப் பதிப்பகத்துக்கு அனுப்புகிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சொந்தக் காசில் புத்தகம் போடுவதை நான் குறை சொல்லவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்; அதற்கு நேராக அச்சகத்துக்கே போகலாமே என்றுதான் சொல்கிறேன்.

கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். நான் போட்ட தாளில் "அனைத்து உரிமைகளும்" என்று இருந்தது, எத்தனை ஆண்டுக்கு என்று இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுதான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அந்த ஆளின் அசிரத்தையால், ஐந்தாண்டு முடிந்ததும் என் நாவல் என்னிடமே திரும்பி வந்தது.

பணத்தைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த 45,000 ரூபாயில் "பிழைதிருத்தம் 8,000" என்று ஒரு வரி உண்டு, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. என் அப்பா தறி நெய்தவர். விடிவதற்குள் தெருவில் பாவு, அதாவது தறிக்கான நீளவாட்டு நூலை, நீட்டிக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் நூல் சொல்பேச்சுக் கேட்காது. "அப்பா பாவுக்குக் கஞ்சி போட்டார்" என்று எழுதியிருந்தேன். பாவு என்றால் என்னவென்று தெரியாத ஒரு புண்ணியவான், நாவல் முழுக்க அதைப் பாவம் என்று மாற்றிவிட்டார். "அப்பா பாவத்துக்குக் கஞ்சி போட்டார்." பதினேழு இடங்களில்!

வெளியீட்டு விழாவில் ஒரு பேராசிரியர் அந்த வரியை இரண்டு முறை வாசித்து, "என்ன ஒரு படிமம்!" என்று உருகினார். கூட்டம் கைதட்டியது. நானும் எழுந்து கும்பிட்டேன். பிறகு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தொட்டுப் பார்த்தேன், விசைத்தறியில் ஓட்டிய பாலியெஸ்டர்.